கடற்பாசிக் காபி

"ஏன்னா, மாடியில எது செத்துக் கெடக்குன்னு வீட்டுக்காரர் கேக்கறார்," என்றாள் நீரஜா.

"எதுவும் சாகலை. பாசி புளிக்கறது," என்றார் பரத்வாஜ்.

அடையாறில் அவர்கள் குடியிருந்த வீட்டு மொட்டைமாடியில் ஒரு நீல டிரம். அதற்குள் மண்டபம் கடற்கரையிலிருந்து ரயிலில் வரவழைத்த கடற்பாசி. அது அழுகினால் எரிவாயு வரும், புகையில்லாமல் சமைக்கலாம் என்று பத்திரிகையில் படித்ததிலிருந்து பரத்வாஜுக்கு வங்கி வேலையில் மனம் ஒட்டவில்லை. கறுப்புப் புகை கக்கிக்கொண்டு போகும் பல்லவன் பஸ்ஸைப் பார்த்தால், "இதையும் ஒருநாள் பாசியிலே ஓட்டலாம்," என்பார்.

"மொதல்ல பாலைக் காய்ச்சுங்கோ," என்பாள் நீரஜா. சிலிண்டருக்குப் பதிந்துவிட்டு மண்ணெண்ணெய் ஸ்டவ்வோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவள் அவள்.

காஸ் வரவில்லை. நாற்றம்தான் வந்தது.

உப்புதான் காரணம் என்று பாசியை அள்ளி அலசினார் பரத்வாஜ். மாடித் தொட்டி காலி. அன்று தண்ணீர் லாரியும் வரவில்லை. கீழ் வீட்டிலிருந்து தலையில் சோப்பு நுரையோடு வெளியே ஓடிவந்த வீட்டுக்காரர் ரகுபதியைத் தெருவே பார்த்தது.

அவரைச் சமாதானப்படுத்த டிரம்மில் ஒரு பாட்டில் பினாயில் ஊற்றினார் பரத்வாஜ். ஆஸ்பத்திரிக்குள் மீன் மார்க்கெட் வைத்ததுபோல ஆயிற்று.

"சார், ஞாயித்துக்கிழமை உங்க அடுப்பு எரியணும். இல்லேன்னா டிரம்மையும் எடுத்துக்கிட்டு நீங்களும் காலி பண்ணிடுங்க," என்றார் ரகுபதி.

டிரம்மைக் கொல்லைப்புறத்துக்கு இறக்கினார்கள். பாதி, படிக்கட்டில் சிந்தியது. மீதியைக் காப்பாற்ற பிளம்பர் டில்லிபாபுவை அழைத்துவந்தார் பரத்வாஜ்.

"லாரி டியூப்ல காஸ் ரொம்பணும். அங்கேர்ந்து அடுப்புக்கு வரணும். எப்படியாவது பண்ணிடுப்பா, என் மானமே இதுலதான் இருக்கு."

"எப்டியாவதா? வுடு சார், நான் பாத்துக்கறேன்."

சனிக்கிழமை சாயங்காலம் டியூப் உப்பியிருந்தது. பரத்வாஜ் அதைக் குழந்தையின் கன்னத்தைத் தொடுவதுபோலத் தொட்டார். கண் கலங்கிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை. ரகுபதி குடும்பத்தோடு மாடியேறி வந்தார். நீரஜா தீக்குச்சியை உரசினாள். பக்கென்று பற்றி, நீலமாக நின்று எரிந்தது சுடர். பால் பொங்கியது. காபி வந்தது.

ரகுபதி ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"நான்தான் அவசரப்பட்டு வாய விட்டுட்டேன் சார். லேசா கடல் காத்து வீசற மாதிரி ஒரு மணம். எங்க வீட்டுக்கும் ஒரு லைன் குடுத்துடுங்க."

"எல்லாம் பாசியோட மகிமை," என்றார் பரத்வாஜ்.

ரகுபதி இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கினார். நீரஜாகூடக் கணவரைப் பெருமையாகப் பார்த்தாள். பிறகுதான் வாசற்படியில் நின்றிருந்த டில்லிபாபுவின் ஞாபகம் வந்து, அவனுக்கும் ஒரு டம்ளரை நீட்டினாள்.

"வாணாம்மா," என்று பின்வாங்கினான் அவன். "டிரம்முல ஒண்ணுமே வர்ல, அதான் பக்கத்துல இருந்த செப்டிக் டேங்க் பைப்பப் புடிச்சி டியூபுல சொருவிட்டேன், இப்ப எரியறது உங்க ரெண்டு ஊட்டுதும்தான்."