வாய்க்குள்ளேயே படித்த இலக்கணத் தாள்

என் குரலைப் பற்றி இருபத்தைந்து வயது வரை எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தபோது நாற்பது பேருக்குக் கிடைக்க வேண்டிய வேலை போயிருந்தது.

ஜவ்வாது மலையில் நாங்கள் சாமை விதைக்கிறவர்கள். இந்தச் சரிவில் அப்பா நிற்பார், எதிர்ச் சரிவில் அம்மா. "கூழு கொண்ணாந்துட்டியா?" "தோ வர்றேன்!" எங்கள் குடும்பப் பேச்சே இப்படித்தான். இதில் எவனுக்குக் கிசுகிசுக்கத் தெரியும்?

அறுபதுகளின் தொடக்கத்தில் அரசாங்கக் குமாஸ்தா தேர்வு எழுதத் திருப்பத்தூர் போனேன். வயது வரம்புப்படி அதுவே கடைசி வாய்ப்பு. இங்கிலீஷ் இலக்கணம் மட்டும் எனக்குப் பிடிபடவேயில்லை. என்னோடு படித்து, வாணியம்பாடித் தோல் மண்டியில் கடிதம் எழுதும் வேலையிலிருந்த காதரிடம் யோசனை கேட்டேன்.

"ரெண்டே தந்திரம்பா. கோடு போட்ட எடத்துல ஒவ்வொரு வார்த்தையா வச்சி வாய்க்குள்ளயே படி. காதுக்கு எது நல்லா கீதோ அத்த எழுது. கடசி பத்து நிமிஷம் மறுபடி பாரு. செஞ்சது ஒருத்தனா பல பேரா, நேத்தா இன்னிக்கா, அத்தப் பாத்துத் திருத்து."

அப்படியே செய்தேன். (என் வாய்க்குள் எவ்வளவு இடம் என்று அவனும் யோசிக்கவில்லை.) வராந்தாவில் உட்கார்ந்திருந்த கண்காணிப்பாளர் மூன்று முறை எட்டிப் பார்த்தார்.

"யாருய்யா சத்தம் போடறது?"

"யாருமில்ல சார்" என்றது மொத்த அறையும். நானும் யாரென்று திரும்பிப் பார்த்தேன்.

எல்லோரும் சீக்கிரமே தாளைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். ஒருவர் என் தோளைத் தட்டி, "நல்லா இருப்பீங்க" என்றார். பட்டணத்துக்காரர்களின் பண்பே தனி என்று நெகிழ்ந்துபோனேன். கடைசிப் பத்து நிமிடம், ஒருவனா பல பேரா என்று விரல்விட்டு எண்ணி, நேற்றா இன்றா என்று பார்த்தேன். இங்கிலீஷையே கேட்டறியாத காதை நம்பி எழுதிய இருபதில் பதினாறு தப்பு! அடித்துத் திருத்தினேன்.

ஒரு மாதம் கழித்து அதிகாரி கூப்பிட்டனுப்பினார். மேசைமேல் விடைத்தாள்கள்.

"நாற்பது பேரும் ஒரே பதினாறு தப்பு பண்ணியிருக்காங்க. உன் தாள்ல அடிச்சதுக்கு அடியிலயும் அதே பதினாறு. தப்பான விடையை வித்துட்டு நீ மட்டும் திருத்திக்கிட்டியா? இனிமே ஜன்மத்துக்கும் நீ அரசாங்கத் தேர்வு எழுத முடியாது."

கும்பிட்டபடி சொன்னேன்:

"வாய்க்குள்ள படிச்சேங்க. வேற இன்னா பண்ணேன்னு எனக்கே தெர்லீங்க."

"எங்கே, படிச்சுக் காட்டு" என்று மேசைமேல் கிடந்த இங்கிலீஷ் கடிதம் ஒன்றை நீட்டினார். குரலை முடிந்த மட்டும் அடக்கி முதல் வரியைப் படித்தேன். இரண்டு அறை தள்ளி ஏதோ உடைந்தது. பியூன் முனுசாமி ஓடிவந்து அதிகாரியின் காலில் விழுந்தார்.

"ஐயா, என்னிய ஒடுகத்தூருக்கா மாத்திட்டீங்க? புள்ளைங்க படிக்குதுங்கய்யா!"

அதிகாரி என் கையிலிருந்து கடிதத்தைப் பிடுங்கிப் பார்த்தார். அந்தக் கடிதத்தில் அவர் இன்னும் கையெழுத்தே போட்டிருக்கவில்லை.

எனக்கு வேலை கிடைத்தது. உத்தரவின் அடியில் மட்டும் ஒரு வரி: "ரகசியக் கோப்புகள் இவரிடம் தரலாகாது." ஓய்வு பெறும்வரை யாரும் தரவில்லை.

இன்றும் நான் எதையாவது முடிவு செய்து சொன்னால் வீட்டில் ஒருவரும் அசைவதில்லை. "இருங்க, கடசி பத்து நிமிஷம் ஆவட்டும்" என்பாள் மனைவி.

"மெதுவா பேசு, பக்கத்து வூட்டுக்குக் கேக்கப்போவுது" என்பேன்.

பக்கத்து வீட்டிலிருந்து பதில் வரும்: "அக்கா பேசினது கேக்கலீங்க. நீங்க சொன்னதுதான் கேட்டுது!"