பின் அச்சுக்கு முழுப்பூட்டு போட்ட விவரம்

அன்பும் பிடிவாதமும் சம அளவில் வாய்த்த மச்சான் ரூபன் அவர்களுக்கு,

மொன்டானாவிலிருந்து உங்கள் அக்காள் புருஷன் ஆர்வில் எழுதிக்கொள்வது. இங்கே நானும் வெர்னாவும் சுகம். பசுக்கள் சுகம். பிக்கப் வண்டி எல்லாரையும்விடச் சுகம். அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அரிசோனா வெயிலில் உங்கள் முழங்கால்கள் மடங்க ஆரம்பித்துவிட்டனவா? பனியை இப்போது ஐஸ் பெட்டிக்குள் மட்டும் பார்க்கிற பாக்கியசாலி நீங்கள். போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீங்கள் பத்து சொல்லிவிடுகிறீர்கள். காகிதம் குறுக்கே பேசாது.

வறண்ட ஆற்று மணலில் ஓட்ட உங்கள் வண்டியின் பின் அச்சுக்கு எந்த டிஃபரன்ஷியல் போடலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பதாக வெர்னா சொன்னாள். யோசிக்க வேண்டாம். நான் யோசித்து முடித்துவிட்டேன்.

போன இலையுதிர் காலத்தில் வைக்கோல் ஏற்றி வரும்போது என் வண்டியின் டிஃபரன்ஷியல் பல் உடைந்து, கல்லை மெல்லுகிற மாதிரி சத்தம் போட்டுக்கொண்டு வீடு வந்து சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். இன்ஜின் சக்தியைப் பின் சக்கரங்கள் இரண்டுக்கும் பங்கு போடுகிற அந்தப் பெட்டி, கம்பெனியில் போட்டு அனுப்பிய திறந்த வகை. திருப்பத்தில் ஒரு சக்கரம் அதிகமாகவும் ஒன்று குறைவாகவும் ஓட விடும். அதுவரைக்கும் நல்ல குணம்தான். ஆனால் ஒரு சக்கரம் பனிக்கட்டி மேல் ஏறிவிட்டால், வேலை செய்யத் தயாராக நிற்கிறவனை விட்டுவிட்டு, சும்மா சுற்றுகிறவனுக்கே சாப்பாட்டையெல்லாம் போடும். எங்கள் கவுண்டி அரசாங்க அலுவலகம் மாதிரி. அதனால் மறுபடி அதையே போடுவதில்லை என்பதில் எனக்கும் வெர்னாவுக்கும் சண்டையே இல்லை. சண்டை அதற்குப் பிறகுதான். இரண்டு சக்கரங்களையும் ஒரே கட்டாகக் கட்டி, சேற்றிலும் பனியிலும் சேர்ந்தே சுற்ற வைக்கிற லாக்கர் ஒன்று இருக்கிறது. முழுப்பூட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி பிடித்து பாதி வழுக்க விடுகிற லிமிடெட் ஸ்லிப் இன்னொன்று. அதை அரைப்பூட்டு என்கிறேன், மரியாதையில்லாமல்தான் என்கிறேன். நான் முழுப்பூட்டு என்றேன். உங்கள் அக்காள் அரைப்பூட்டு என்றாள். ஆஸ்பத்திரி வேலைக்குத் தினமும் அந்த ஆற்றோர ஐஸ் ரோட்டில் போகிறவள் அவள், நான் இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

"ரெண்டு சக்கரமும் பூட்டிக்கிட்டா ஐஸ்ல ரெண்டும் சேர்ந்தே வழுக்கும். வண்டி வாலை ஆட்டிக்கிட்டு ஆத்துக்குள்ள போயிடும், ஆர்வில்."

"ஓட்டத் தெரிஞ்சவனுக்கு வாலும் ஆடாது, தலையும் ஆடாது."

"தெரிஞ்சவன் வந்து ஓட்டுற அன்னைக்கு முழுப்பூட்டே போட்டுக்கலாம்."

இதைச் சமையலறையில் சொல்லியிருந்தால் பரவாயில்லை. மெக்கானிக் டெல்பர்ட் ஷெட்டில், வண்டிக்கு அடியில் அவன் படுத்துக் கேட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள். அடியிலிருந்து ஸ்பானர் சிரித்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. மானம் போன பிறகு மனுஷன் என்ன செய்வான்? "டெல்பர்ட், முழுப்பூட்டு போடு" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அவன் தலையை நீட்டி, "போடுறது என் வேலை, ஓட்டுறது உங்க பாடு" என்றான். வெர்னாவும் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. முப்பத்தெட்டு வருஷத்தில் முதல் முறையாக விவாதத்தில் ஜெயித்துவிட்டேன் என்று காப்பிக்கடையில் எல்லாருக்கும் என் செலவில் ஆப்பிள் பை என்கிற பலகாரம் வாங்கிக் கொடுத்தேன். எல்லாரும் பையைத் தின்றுகொண்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். என் சந்தோஷத்தில் பங்கெடுக்கிறார்கள் என்று நினைத்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரியில் வந்த பனிப்புயலைப் பற்றி நீங்கள் டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். கரண்ட் போய், மரங்கள் சாய்ந்து, கவுண்டியின் பனி தள்ளும் வண்டியே பள்ளத்தில் சரிந்து கிடந்தது. மலை மேல் ஓடைக்கரையில் இருக்கிற எமெட்டை உங்களுக்கு நினைவிருக்கும். ரம்ப மில்லில் வேலை பார்த்து நுரையீரல் முழுக்க மரத்தூள் ஏற்றிக்கொண்டவர். இப்போது ஆக்சிஜன் மெஷின் இல்லாமல் அவரால் மூச்சு விட முடியாது. கரண்ட் இல்லாமல் அந்த மெஷின் மூச்சு விடாது. ஜெனரேட்டரும் குளிரில் கட்டையாகிவிட்டது. மறுநாள் காலையில் அவர் மனைவி இயூனிஸ் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். எடுத்தது வெர்னா. புயல் தொடங்கும் முன் நான் கொண்டுபோய் விட்டதிலிருந்து அவள் அங்கேதான் இருந்தாள், வண்டி என்னிடம்.

"வெர்னா, கடைசி சிலிண்டர். முள்ளு சிவப்புக்கு வந்துட்டுது. சாயங்காலம் வரைக்கும் தாங்காது. இந்தக் கிழவன் பயப்படலேன்னு சொல்றான், ஆனா என் கையை விடமாட்டேங்கறான்."

ஆம்புலன்ஸ் அந்தக் காட்டுப் பாதையில் ஏறாது. அந்தக் காற்றில் ஹெலிகாப்டர் எழும்பாது. வெர்னா போனை வைத்துவிட்டு அடுத்த போனில் என்னைக் கூப்பிட்டாள். "சிலிண்டரை எடுத்து வைக்கிறேன். வண்டியைக் கொண்டுவாங்க" என்றாள். அவ்வளவுதான். யார் ஓட்டுவது என்றுகூட அவள் கேட்கவில்லை, மச்சான். அதிலேயே எனக்குப் பாதி பயம் வந்துவிட்டது.

பின்னால் மணல் மூட்டை ஏற்றினேன். டயருக்குச் சங்கிலி மாட்டலாம் என்று எடுத்தால், அது பழைய டயருக்கு வாங்கியது. புது டயரைச் சுற்றி எட்டவில்லை, என் கல்யாணக் கோட்டு இப்போது என்னைச் சுற்றி எட்டாத மாதிரி. தூக்கிப் போட்டுவிட்டு, ஆஸ்பத்திரியில் வெர்னாவையும் சிலிண்டர்களையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். நெடுஞ்சாலை கண்ணாடி மாதிரி பளபளத்தது. தானியக் கிடங்கு தாண்டி ஆற்றை ஒட்டி ஒரு திருப்பம் வருமே, அதில் திரும்பும்போது அவசரத்தில் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் அதிகமாக மிதித்துவிட்டேன். வால் இப்போது ஆடும், ஆடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். பின்பக்கம் லேசாகத் தோளைக் குலுக்கியது, அவ்வளவுதான், வண்டி நேராகிவிட்டது. ஆற்றில் ஓடிய கறுப்புத் தண்ணீரை நான் நன்றாகவே பார்த்தேன்.

"பாத்தியா? பூட்டு எவ்வளவு சாதுவா இருக்கு! எல்லாம் ஓட்டுற கையில இருக்கு" என்றேன்.

வெர்னா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. பயத்தில் அழுகிறாள் என்று நினைத்து, ஒரு கையால் தட்டிக்கொடுத்தேன்.

காட்டுப் பாதையில் இன்ஜின் சக்தியை நான்கு சக்கரத்துக்கும் திருப்பிவிட்டு, முழங்கால் ஆழப் பனியைக் கிழித்துக்கொண்டு நன்றாகவே ஏறிக்கொண்டிருந்தோம். நிறுத்தாமல் போனால் போய்விடலாம், நிறுத்தினால் தொலைந்தோம். அந்த நேரம் பார்த்து ஒரு மூஸ் மான், குதிரையைவிட உயரம், மீசை வைத்த மாமியார் மாதிரி முகம், பாதை நடுவில் வந்து நின்றது. ஹாரன் அடித்தேன். திரும்பிப் பார்த்துவிட்டு எங்களுக்கு முன்னாலேயே ஊர்வலம் போவது போல நடக்க ஆரம்பித்தது. பக்கத்தில் இறங்கினால் அதற்குக் கழுத்து வரை பனி. அதற்கும் இதுதான் ரோடு. வெர்னா கண்ணாடியை இறக்கி, "அடியே, ஒரு மனுஷன் மூச்சுக்குத் தவிச்சுக்கிட்டிருக்கான், கொஞ்சம் ஒதுங்கேன்!" என்று கத்தினாள். அது நின்றே விட்டது. நானும் நிற்க வேண்டியதாயிற்று. நின்ற வண்டி மெதுவாக, மிக மரியாதையாக, பின்னோக்கிச் சரிந்து, வலது பின் சக்கரத்தைக் கொண்டுபோய்ப் பள்ளத்தில் வைத்தது. என் பிளாஸ்கில் இருந்த காப்பி என் மடியில் இறங்கியது. மான் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுக் காட்டுக்குள் போனது.

ஆக்சிலேட்டரை மிதித்தேன். முன் சக்கரங்கள் பனியைத் துழாவின. பள்ளத்துச் சக்கரம் சும்மா சுற்றியது. "இரு, இப்போ பூட்டிக்கும்" என்றேன். பூட்டிக்கொள்ளவில்லை. இறங்கி மண்வெட்டியால் தோண்டினோம். மறுபடி மிதித்தேன். சுற்றியது. "குளிர்ல பூட்டு உறைஞ்சிருக்கும்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை, மச்சான். பின்னால் சிலிண்டர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. மேலே அந்த மனுஷன் இயூனிஸ் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது. எங்கள் கல்யாணத்தில் எனக்குத் துணையாக நின்றவர் எமெட். இந்தப் பள்ளத்தில் நான் ஜம்பமாகப் போட்ட பூட்டோடு உட்கார்ந்திருக்க, அங்கே அவர் போய்விட்டால் அதற்குப் பிறகு நான் எந்த முகத்தோடு காப்பிக்கடைக்குப் போவேன்?

"பிரேக்கை லேசா மிதிங்க" என்றாள் வெர்னா.

"ஏறுறதுக்கு யாராவது பிரேக் போடுவாங்களா?"

"ஆக்சிலேட்டர்லயும் கால் இருக்கட்டும். இடது காலால பிரேக்கை லேசா. லேசான்னா லேசா, பூச்சியை மிதிக்கற மாதிரி இல்ல."

"யார் சொன்னா உனக்கு?"

"எங்கேயோ கேட்டேன். மிதிங்கன்னா மிதிங்க, ஆர்வில்!"

மிதித்தேன். சுற்றிக்கொண்டிருந்த சக்கரம் முனகியது. அதற்குப் போய்க்கொண்டிருந்த சாப்பாடு இந்தப் பக்கம் திரும்ப, இந்தப் பக்கச் சக்கரம் திடீரென்று தூக்கத்திலிருந்து எழுந்தது போலக் கடித்துப் பிடித்தது. வண்டி ஒரு உதறு உதறிப் பள்ளத்தை விட்டு மேலே வந்தது. நான் கத்திய கத்தலில் மரத்துப் பனியெல்லாம் கண்ணாடியில் விழுந்தது. எமெட் வீடு வரும்வரை நிறுத்தவில்லை.

உள்ளே போனால், எமெட் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தார். உதடு நாவற்பழ நிறம். எதிரே இயூனிஸ் சீட்டுக்கட்டை வைத்துக்கொண்டு அவரைத் தூங்கவிடாமல் திட்டிக்கொண்டிருந்தாள். "பாருங்க, மூச்சு இல்லாத நேரத்துலயும் சீட்டை ஒளிச்சு வைக்கறான்!" என்று எங்களிடம் சொன்னவள், சிலிண்டரைப் பார்த்ததும் சீட்டை மேசைமேல் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வெர்னா குழாயை மாற்றி, திருகைத் திறந்து, அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் கொஞ்சமாக அந்த உதட்டில் ரத்தம் திரும்பியது. நான் டயரைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போய் நின்றேன். என் கண்ணில் பனி விழுந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

திரும்பி வந்தபோது எமெட் கண்ணைத் திறந்து பார்த்தார். முதல் கேள்வி என்ன தெரியுமா?

"பின்னாடி... எது போட்டிருக்கே?"

"முழுப்பூட்டு!"

"அதான்... வந்துட்டே. எனக்கும் ஒண்ணு... போடணும்."

மறுநாள் மத்தியானம் கரண்ட் வந்தது. மெஷின் ஓடுகிறது, எமெட் சீட்டாட்டத்தில் ஏமாற்றுகிறார், எல்லாம் பழையபடி. ஆகையால் மச்சான், உங்கள் மணலுக்கும் முழுப்பூட்டே போடுங்கள். போனில் நீங்கள் அரைப்பூட்டுக்குப் பரிந்து பேசியதை நான் மன்னித்துவிட்டேன். நடந்தது எல்லாம் என் தேர்வின் பலன், ஓரளவு என் ஓட்டும் திறமையின் பலன் என்று அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

உங்கள் முழங்கால் மடங்கட்டும், பேட்டரி இறங்காதிருக்கட்டும், கள்ளிச்செடி டயரில் குத்தாதிருக்கட்டும் என்று வாழ்த்தும்,

உங்கள் அன்புள்ள அத்தான்,
ஆர்வில் ஹாகன்

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன் வெர்னா இதை வாங்கிப் படித்தாள். பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள், சிரிப்பு தாங்காமல். என் வண்டியில் இருப்பது அரைப்பூட்டாம். நான் ஷெட்டை விட்டு வெளியே வந்த அரை மணியில் அவள் உங்களைப் போனில் கூப்பிட்டாளாம். நீங்கள் அரைப்பூட்டு என்றீர்களாம். டெல்பர்ட்டிடம் அதையே போடச் சொல்லிவிட்டாளாம். பள்ளத்தில் மாட்டினால் பிரேக்கை லேசாக மிதிக்கச் சொல்லிக் கொடுத்ததும் நீங்களாம். டெல்பர்ட்டுக்குத் தெரியும், காப்பிக்கடை முழுக்கத் தெரியும், என் பையைத் தின்ற அத்தனை பேருக்கும் தெரியும். காப்பி ஆறும்வரை கோபமாக இருந்தேன். பிறகு அந்த ஆற்றுத் திருப்பத்தை நினைத்தேன். முழுப்பூட்டாக இருந்திருந்தால் சிலிண்டரும் நாங்களும் அன்றைக்குத் தண்ணீருக்குள். கோபம் போய்விட்டது, அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். திருப்பி எழுத நேரமில்லை, தபால் வண்டி வந்துவிட்டது. ஆகவே மேலே முழுப்பூட்டு என்று வரும் இடத்திலெல்லாம் அரைப்பூட்டு என்றும், என் திறமை என்று வரும் இடத்தில் வெர்னா என்றும் படித்துக்கொள்ளவும். ஒரே ஒரு உதவி: எமெட்டிடம் மூச்சு விடாதீர்கள். என் பேச்சைக் கேட்டு டெல்பர்ட்டிடம் முழுப்பூட்டுக்குச் சொல்லிவிட்டார். அவரிடம் நான் எப்படிச் சொல்வேன்?

தம்பி ரூபன், அக்கா எழுதறேன். அவர் தபால்காரர்கிட்ட பேசப் போயிருக்கார். எமெட் விஷயத்துல நீ கவலைப்படாதே. இயூனிஸ் நேத்தே டெல்பர்ட்டுக்குப் போன் பண்ணிட்டா.