ஒரு வாய் பார்பெரா

ஒரு சொட்டுகூட விழுங்காமல் ஒயினில் நிபுணரான மனிதர் அமெரிக்காவில் ஒரே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் லிவர்மோரில் எங்கள் எதிர்வீட்டில் இருந்தார். அவருக்கு அப்பா அம்மா வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. ஆனால் தெருவில் சைக்கிள் விடும் பிள்ளைகளிலிருந்து பொங்கலுக்குக் கூடும் பெரியவர்கள் வரை எல்லோருக்கும் அவர் பார்பெரா அங்கிள்தான்.

பார்பெரா என்பது ஒரு திராட்சை. இத்தாலியின் வடமேற்கு மூலையைச் சேர்ந்த கறுப்புத் திராட்சை. பத்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், அதற்குக் காரணம் என் கூச்சம். என் கணவருக்கு இங்கே வேலை கிடைத்து, தொண்ணூறுகளின் நடுவில் வந்து சேர்ந்தேன். கார் ஓட்டத் தெரியாது, நாலு பேர் நடுவே வாய் திறக்க வராது. எழுந்து போகத் தெரியாமல் கேட்டுக்கொண்டே இருக்கிற ஒருத்தி கிடைத்தால் பார்பெரா அங்கிள் விடுவாரா?

என் கணவரையும் விடவில்லை. இருவரும் ஒரே காரில் மலை தாண்டி சான் ஹோசேக்கு வேலைக்குப் போனார்கள். சாயங்காலம் இவர் ஷூவைக் கழற்றாமலே சோபாவில் சாய்வார்.

"இன்னைக்கும் பார்பெராதான். ஃப்ரீவேல இறங்கி நடந்தே வந்துரலாம்னு இருந்துச்சு."

இந்தப் பித்து பிடித்ததற்கு ஒரு காரணம் உண்டு. அங்கிளுக்கு வீட்டை விற்றவர் ஜீனோ என்ற இத்தாலியக் கிழவர். மனைவி இறந்த பிறகு மகள் வீட்டோடு போய்விட நினைத்தார். இவரைவிட அதிக விலை கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். ஆனால் ஜீனோ வந்தவர்களிடமெல்லாம் ஒரே கேள்விதான் கேட்டாராம்: பின்னால் நான் நட்ட பார்பெராக் கொடிகளை என்ன செய்வாய்? ஒருவர் நீச்சல் குளம் கட்டுவேன் என்றார். இன்னொருவர் சிமென்ட் போடுவேன் என்றார். நம்மவர் நெஞ்சில் கைவைத்து, "வெட்ட மாட்டேன் சார், ப்ராமிஸ்" என்றார். வீடு கிடைத்துவிட்டது.

சிக்கல் என்னவென்றால், அவர் ஏற்கெனவே இன்னொரு ப்ராமிஸில் இருந்தார். அவர் மனைவி சரோஜா அக்கா கல்யாணத்துக்கு முன்பே அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தார். வாழ்நாள் முழுக்கக் குடி என்பது கிடையாது.

முதல் வருஷம் கொடிகள் காய்த்துத் தள்ளின. பழம் சிறிசு, விதை பெரிசு, புளிப்போ பல்லைக் கூசவைத்தது. அங்கிள் ஜாம் போட்டார். விதையை வடிகட்ட மறந்து, தெருப் பிள்ளைகள் பிரெட்டை மணல் மென்றதுபோல் மென்றார்கள். ஊறுகாய் போட்டார். அந்தப் பாட்டிலை எங்கள் வீட்டில் திறந்தவர் எவருமில்லை. கோயிலுக்கு ஒரு கூடை கொண்டுபோனார். அர்ச்சகர் ஒன்றை வாயில் போட்டுக் கண்ணை மூடினார். பக்தியால் அல்ல.

"இது ஒயினுக்குன்னே பொறந்த பழம். அதோட குணம் தெரியாம நாமதான் கஷ்டப்படுத்துறோம்" என்று முடிவுக்கு வந்தார் அங்கிள். குணம் தெரிந்துகொள்ள லிவர்மோரைச் சுற்றியிருந்த ஒயின் தோட்டங்களுக்குப் போனார். போன முதல் நாளே குதித்துக்கொண்டு வந்தார்.

"சரோ, அங்க பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் வாயில வெச்சுக் கொப்பளிச்சுட்டுத் துப்புறாங்க! அதுக்குன்னே வாளி வெச்சிருக்கான்! தொண்டைக்குக் கீழ போனாத்தானே குடி?"

"வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம் நீங்க" என்றார் அக்கா, தலையைத் தூக்காமல் வெண்டைக்காய் நறுக்கியபடி.

அதிலிருந்து சனிக்கிழமை தவறாமல் போனார். ஒரு கையில் ஒயின் கிளாஸ், மறு கையில் பிளாஸ்கில் மிளகு ரசம். ஒயினை வாயில் வைப்பார், துப்புவார், ரசம் குடிப்பார், கண்ணை மூடி யோசிப்பார். ஒயின் ஊற்றும் பெண், பிளாஸ்கில் என்ன என்று கேட்டாளாம். அவளுக்கும் ஒரு மூடி ரசம் ஊற்றிக் கொடுத்தாராம். அவள் மறுமூடி கேட்டாளாம். இது அவர் சொன்னது, சாட்சி கிடையாது.

கடைசியில் ஒருநாள் என் வீட்டு வாசலில் நின்று தீர்ப்புச் சொன்னார்.

"வசந்தா, இத்தாலில அந்தப் பக்கம் நெபியோலோன்னு இன்னொரு திராட்சை இருக்கு. அது பெரிய இடத்துப் புள்ள. மலைச்சரிவுல நல்ல வெயில் இடமெல்லாம் அதுக்குத்தான். பார்பெராவுக்கு மிச்சம் மீதி இடம். ஆனா அது கோவிச்சுக்கல பாரு! நெறையக் காய்ச்சு, தோட்டக்காரன் வீட்டுல தெனம் சாப்பாட்டோட குடிக்கிற ஒயினா ஆச்சு. கலர் ஜாஸ்தி, புளிப்பு ஜாஸ்தி, துவர்ப்புதான் கம்மி. நம்ம ரசத்துக்கு அத்தை மகன்! இந்தா, இத மோந்து மட்டும் பாரு."

மறுக்கத் தெரியாமல் மோந்து பார்த்தேன். "புளி கரைச்ச மாதிரி..." என்று இழுத்தேன்.

"சரோ! வசந்தா கண்டுபிடிச்சுட்டா!" என்று தெருவைத் தாண்டிக் கத்தினார். எனக்கு எங்கே ஒளிவது என்று தெரியவில்லை.

அடுத்த வருஷம் அவரே ஒயின் போடத் தொடங்கினார். புளிக்கவைப்பதில் அவருக்குத் தெரிந்தது இட்லி மாவு ஒன்றுதான். அதே முறைதான் இதற்கும். பொங்கலுக்காக நாலு வீடு சேர்ந்து வாங்கியிருந்த அண்டாவில் பழத்தைக் கொட்டி, முழங்கை வரை விட்டுப் பிசைந்தார். "கைச்சூடு பட்டாத்தான் பொங்கும்" என்றார். ராத்திரிக் குளிர் தாக்காமலிருக்க கராஜில் ஹீட்டர் வைத்தார். குழந்தைக்குப் போர்த்துவதுபோல் அண்டாவுக்குக் கம்பளி போர்த்தினார். அது பொங்கவும் தொடங்கியது.

அது நவராத்திரி சமயம். அக்கா வீட்டில் கொலு. வீடு முழுக்க வாசனை ஏறியிருந்தது.

"சாயங்காலம் எல்லாரும் வர்றாங்க. இந்த நாத்தம் ஹாலுக்கு வந்துச்சு, அவ்வளவுதான் சொல்லிட்டேன்."

"வராது சரோ. நான் பாத்துக்கறேன்."

அவர் பார்த்துக்கொண்டது இப்படி: அண்டாவின் மூடியை அழுத்தி, சுற்றிலும் டக்ட் டேப் ஒட்டி, கார் கூரையில் பெட்டி கட்டும் எலாஸ்டிக் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் இறுக்கிக் கட்டினார். பொங்குகிற பொருள் மூச்சு விட வேண்டும் என்பது இன்ஜினியரான அவருக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் ஹால் நிறையப் பெண்கள். ஒரு மாமி பாடிக்கொண்டிருந்தார். பாட்டின் நடுவே மூக்கைச் சுருக்கினார்.

"என்ன சரோஜா, மாவு புளிச்சுருச்சா?"

அக்கா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "ஆமா மாமி, நாளைக்கு இட்லிக்கு அரைச்சேன்."

அப்போது கராஜில் டமார் என்று ஒரு சத்தம். கொலுப் படியில் செட்டியார் பொம்மை குப்புற விழுந்தார்.

மாமி மெதுவாகக் கேட்டார்: "எவ்வளவும்மா அரைச்சே?"

கராஜ் கதவு திறந்தது. தலைமுதல் கால்வரை ஊதா நிறத்தில் அங்கிள் நின்றார். பின்னால் வெள்ளைக் கார், காயப்போட்ட வேட்டி, கூரை எல்லாம் ஊதா. அந்த முகத்தில் அப்படி ஒரு ஆனந்தம்.

"சரோ, கலரப் பாரேன்!"

எல்லோரும் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு அவசரமாகப் போனார்கள். நான் மட்டும் அண்டா கழுவ நின்றேன். அக்கா திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கராஜ் தரையைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்:

"எங்கண்ணனும் மொதல்ல ருசி மட்டும்தான் பாத்தான், வசந்தா. அப்புறம் அண்ணி நகை, வீடு, வேலை எல்லாம் போச்சு. இவர் துப்புறார்னு எல்லாரும் சிரிக்கிறீங்க. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவர் திரும்பி வர்ற வரைக்கும் நான் வாசலையே பாத்துட்டு இருப்பேன்."

நான் சிரித்தவர்களில் ஒருத்தி. குனிந்து அண்டாவை அழுத்தித் தேய்த்தேன்.

கொடிகளைத் தோண்டி எடுக்க அக்கா தோட்டக்காரர் ராமோனுக்குச் சொல்லிவிட்டார். அங்கிள் சரி என்றார். ஒன்று மட்டும் கேட்டார்: "ஜீனோவை வரச் சொல்லி நேர்ல சொல்லிடறேன். வாக்குக் குடுத்தவர்கிட்ட போன்ல சொல்றது மரியாதை இல்ல."

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை காலை, ஒரு பக்கம் கடப்பாரையோடு ராமோனும், மறுபக்கம் மகளின் காரிலிருந்து இறங்கிய ஜீனோவும் வந்து நின்றார்கள். கறை போக எங்கள் வீட்டில் மறுபடி ஊறவைத்துக் கழுவிய அண்டாவைக் கொடுக்க வந்த நான் அங்கேயே மாட்டிக்கொண்டேன். அங்கிள் தலைகுனிந்து விஷயத்தைச் சொன்னார். ஜீனோ கோபப்படவில்லை. ஒரு கொடியைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒயின் போட்டாயா என்று மட்டும் கேட்டார்.

வெடித்ததில் தப்பித்ததை அங்கிள் வேட்டியில் வடிகட்டி ஒரு ஜாடியில் வைத்திருந்தார். அதை எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றினார். ஜீனோ ஒரு வாய் குடித்தார். முகம் சப்பாத்தி மாவுபோல் கோணிக்கொண்டது. பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நான் போட்ட முதல் ஒயினுக்கு இது எவ்வளவோ மேல். என் மனைவி அதை வைத்துக் குளியலறையைக் கழுவினாள்" என்றார். மற்ற டம்ளரை எடுத்து அங்கிளிடம் நீட்டினார். "நீயும் குடி. இது நம் இரண்டு பேருடைய ஒயின்."

அங்கிள் வாங்கி வாயில் ஊற்றிக்கொண்டார். கன்னம் இரண்டும் பந்துபோல் உப்பின. பழக்கத்தில் திரும்பிச் செடியைப் பார்த்தார். துப்பினால் கிழவர் முகம் என்னவாகும்? ஜீனோவைப் பார்த்தார். விழுங்கினால்? அக்காவைப் பார்த்தார். இரண்டு சத்தியமும் அந்தக் கன்னத்துக்குள் நிற்க, அவர் கண்களில் தண்ணீர் வந்துவிட்டது.

"முழுங்குங்க" என்றார் அக்கா.

அங்கிள் மாட்டேன் என்று தலையாட்டினார்.

"நான்தானே சத்தியம் வாங்கினேன்? நானே சொல்றேன். பெரியவர் மூஞ்சிக்கு நேரா துப்பாதீங்க. முழுங்குங்க."

விழுங்கினார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. எப்படி இருக்கிறது என்று ஜீனோ ஆவலோடு கேட்டார். அங்கிள் வெகுநேரம் யோசித்துவிட்டு, "கொஞ்சம் உப்பு கம்மி" என்றார்.

அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ராமோனிடம் போய், "நோ டிக்கிங் டுடே. டீ சாப்பிடறியா?" என்றார். பிறகு அங்கிள் பக்கம் திரும்பினார். "கொடி இருக்கட்டும். பழம் அவர் வீட்டுக்குப் போகட்டும், ஒயின் அங்கயே நடக்கட்டும். என் வீட்டுக்குள்ள ஒரு சொட்டு வரக் கூடாது."

அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் பழக்கூடைகள் ஜீனோவின் மகள் வீட்டுக்குப் போயின. அக்காவும் கூடவே போவார், பிளாஸ்கில் ரசத்தோடு. அங்கிள் பிசைவார், ஜீனோ குடிப்பார், அக்கா காவல் இருப்பார்.

நாங்கள் டெக்சஸுக்கு மாறிவந்து பல வருஷம் ஆகிறது. இன்றைக்கும் காய்கறி வாங்கப் போனால், ஒயின் வரிசையில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் வருவேன். பார்பெரா என்று எழுதிய பாட்டில் பின்பக்கம் காட்டி நின்றால், யாரும் பார்க்கவில்லையே என்று பார்த்து, முன்னால் திருப்பி வைப்பேன். தெரிந்தவர் ஒருவரைச் சுவரைப் பார்த்து நிற்கவிட்டு எப்படி வருவது?