ஸ்டட் வெளியேற்றுப் படலம்

ஒரு விடுகதை போடுகிறேன். இரண்டு படங்கள். இரண்டிலும் ஒரே ஓட்டை, ஒரே இருட்டு. ஒன்றில் ஓட்டைக்குள் இரும்புத் துண்டு இருக்கிறது, மற்றதில் இல்லை. எதில் இல்லை? அவசரம் வேண்டாம். ஓர் அலுவலகமே உட்கார்ந்து யோசித்த விடுகதை இது.

பழைய தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பத்தில் தண்ணீர் ஏற்றும் டீசல் என்ஜின் ஒரு திங்கட்கிழமை நின்றுபோனது. ஆபரேட்டர் மனோகர் என்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றும்போது, அதைப் பிடித்து நிற்கும் ஸ்டட்களில் ஒன்று மடக்கென்று முறிந்தது. ஸ்டட் என்பது தலையில்லாத போல்ட். மேல்பாதி மனோகரின் கையோடு வந்துவிட்டது. கீழ்ப்பாதி துருவேறி, ஒரு விரல்கடை ஆழத்தில் இறுகிக்கொண்டது.

மனோகர் கவலைப்படவில்லை. அரைநாள் வேலை. மரியாதைக்குப் பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

“தொடாதீங்க!” என்றார் முன்னேற்ற அதிகாரி ரவிகுமார். “இப்போ எல்லாம் ‘முன்-பின்’ திட்டம். முன்னாடி ஒரு படம், பின்னாடி ஒரு படம். ரெண்டையும் ஆப் ஏத்துக்கணும். ஏத்துக்கலைன்னா மறுபடி முதல் படிவத்துலேர்ந்து ஆரம்பிக்கணும்.”

முதல் படிவம் வர நான்கு நாள் ஆனது. அதற்குள் பள்ளியில் தண்ணீர் இல்லையென்று விடுமுறை விட்டார்கள். தண்ணீர் வந்த மறுநாளே கணக்குப் பரீட்சை என்றும் அறிவித்தார்கள். நாலாம் வகுப்பு படிக்கும் மனோகரின் மகள் நேத்ரா, இரண்டு செய்தியையும் கவனமாகக் கேட்டுக்கொண்டாள்.

தெருவில் மனோகர் தலைகாட்ட முடியவில்லை. காலிக் குடத்தோடு எதிர்வீட்டு சரோஜம்மா வழிமறித்தார்.

“இன்னா மனோகரு, எங்க மாமனாரு சுரங்கத்துல கேஜ்ல ஏறி ஆயிரக்கணக்கான அடி எறங்கி, தங்கத்தையே தோண்டிக்கினு மேல வந்தாரு. நீ ஒரு வெரல்கட எறங்க இத்தினி நாளா?”

“அவருக்கு ஆப் இல்லக்கா” என்றார் மனோகர்.

ஐந்தாம் நாள் ‘முன்’ படம் எடுக்கப்பட்டது. டார்ச் அடித்தால் “படம் திருத்தப்பட்டுள்ளது” என்று ஆப் தள்ளிவிட்டது. அடிக்காமல் எடுத்தார்கள். கரிய வட்டம் ஒன்று வந்தது. “அருமை” என்றது ஆப்.

பிறகு மனோகர் வேலையில் இறங்கினார். இரண்டு நாள் எண்ணெய் விட்டு ஊறவைத்தார். சுற்றியுள்ள இரும்பைச் சூடாக்கினார். ஸ்டட்டின் நடுவில் சிறு துளை போட்டு, எதிர்மரை வெட்டிய கம்பியை அதில் இறக்கினார். கால் சுற்று முன்னே, அரைச் சுற்று பின்னே என்று, தூங்குகிற குழந்தையைத் தொட்டிலிலிருந்து தூக்குவதுபோல் பொறுமையாகத் திருப்பினார். கிறீச்சென்று ஒரு முனகல். ஸ்டட் வெளியே வந்தது! புது ஸ்டட் சட்டைப்பையில் தயாராக இருந்தது.

ஒன்பதாம் நாள் ‘பின்’ படம் எடுக்க ரவிகுமார் நேரில் வந்தார். பேனர் கட்டினார்கள். குடங்களோடு ஊரே கூடியது. படம் எடுத்தார்கள். கரிய வட்டம் வந்தது.

“இரு படங்களும் ஒன்றே. பணி நடைபெறவில்லை” என்றது ஆப்.

“சார், ஸ்டட் இதோ கையில இருக்குது!”

“கையில இருக்கிறது ஆதாரம் இல்ல மனோகர். படத்துல இல்லாம இருக்கணும்.”

“படத்துல இல்லையே சார்.”

“முதல் படத்துலயும் இல்லையே! அப்போ நீங்க எதை எடுத்தீங்க?”

மனோகர் பழைய ஸ்டட்டை ஓட்டைக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினார்.

“வெரல விட்டுப் பாருங்களேன் சார்” என்றார் சரோஜம்மா.

“விரலுக்கு ஆப்ல இடம் இல்லம்மா.”

ரவிகுமார் கெட்டவர் அல்ல. சுற்றறிக்கையைப் புரட்டி ஒரு வழி கண்டுபிடித்தார். ஐயம் எழும் நேர்வுகளில், பாரபட்சமற்ற இளங்குடிமக்களில் ஒருவரின் கருத்தே இறுதியானது. பங்கேற்பு நிர்வாகம்! போன வருஷம் மரம் நடுவது ஃபேஷன். இந்த வருஷம் இது.

“ஆயித்து, வேலை முடிஞ்சுது! ஒரு குழந்தையைக் கூப்பிடுங்க.”

பள்ளி இல்லாததால் குழந்தைகளுக்குப் பஞ்சமில்லை. முன்வரிசையில் நேத்ரா நின்றிருந்தாள்.

“நம்ம புள்ளதான். பொய்யா சொல்லப்போவுது?” என்றார் சரோஜம்மா. கூட்டம் கைதட்டியது. மனோகர் ஒன்பது நாளில் முதல்முறையாகச் சிரித்தார். புது ஸ்டட்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

ரவிகுமார் குனிந்து, இரண்டு படங்களும் மூன்று பொத்தான்களும் தெரிந்த போனை நீட்டினார். “பயப்படாதே பாப்பா. ஸ்டட் எடுத்தாச்சுன்னு எந்தப் படம் காட்டுது? ஒண்ணா, ரெண்டா, இல்ல ரெண்டுலயுமே உள்ளதான் இருக்குதா? நல்லா பாத்து அமுக்கு.”

நேத்ரா நல்லாப் பார்த்தாள்.

“ரெண்டுன்னு அமுக்கினா இன்னா ஆகும் சார்?”

“இன்னிக்கு சாயந்திரமே தண்ணி வந்துடும்!”

“அப்போ நாளைக்கு ஸ்கூல் உண்டா?”

“உண்டே!” என்றார் ரவிகுமார் மகிழ்ச்சியோடு.

நேத்ரா அப்பாவைப் பார்த்தாள். அப்பா தலையாட்டி உற்சாகப்படுத்தினார்.

நேத்ரா மூன்றாவது பொத்தானை அமுக்கினாள்.