வெடிக்காத நட்சத்திரமும் எங்கள் தீர்மானமும்

ஒரு நட்சத்திரம் வெடிக்கவே இல்லை என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்ட உலகின் முதல் வான் ஆய்வு நிலையம் எங்களுடையது. அலுவலகக் கண்காணிப்பாளன் என்ற முறையில் அந்தப் பெருமையில் எனக்கும் பங்குண்டு.

எங்களிடம் ஒரு தற்காலிக ஆய்வாளர் இருந்தார். மாதக் கடைசியோடு அவர் வேலை முடிகிறது. ஏதாவது கண்டுபிடித்தால் நிரந்தரம் என்பது விதி. அந்தப் பெண் ஒரு படத்தோடு கூட்டத்துக்கு வந்தார். கறுப்பு வானத்தில் மங்கலாக ஓர் ஒளி வளையம்.

"நட்சத்திரம் வெடிச்சப்ப கிளம்பின வெளிச்சம் சார். நேரா வந்தது அப்பவே நம்மளைத் தாண்டிப் போயிடுச்சு. சுத்தியிருக்கிற தூசுல பட்டு வந்தது இப்பதான் வந்து சேருது. எதிரொலி மாதிரி."

"லேட்டு," என்றார் இயக்குநர் கண்டிப்பாக.

"சுத்து வழி சார். வளையத்தை அளந்து கணக்குப் போட்டா, முதல் வெளிச்சம் எப்ப வந்துச்சுன்னே தெரிஞ்சிடும்."

தேதியைச் சொன்னார். பதினோரு வருடத்துக்கு முந்தையது. பிஸ்கட் கடித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நிறுத்தினார்கள்.

வானத்தின் அந்தப் பகுதியைக் கவனிப்பது எங்கள் நிலையத்தின் பொறுப்பு. அந்தத் தேதியைச் சேர்த்து நாற்பது நாட்கள், நாங்கள் அனைவரும் கடற்கரையில் 'ஆய்வுத்திறன் மேம்பாட்டு முகாம்' நடத்திக்கொண்டிருந்தோம். தொலைநோக்கி அறையின் சாவியும் முகாமில் கலந்துகொண்டது. ஆனாலும் கடமையில் குறை வைக்கவில்லை. திரும்பி வந்ததும் ஒரே மத்தியானத்தில், ஒரே பேனாவால், நாற்பது இரவுகளுக்கும் நானே எழுதினேன்: 'உற்று நோக்கப்பட்டது. மாற்றம் ஏதுமில்லை.'

"பதிவேட்டுல அப்படி ஒண்ணும் இல்லையேம்மா," என்றார் இயக்குநர்.

"வானத்துல இருக்கே சார்."

"வானத்துல யாரு கையெழுத்துப் போட்டிருக்கா?"

இயக்குநருக்கு இளகிய மனசு. "தேதியை ஒரு நாப்பது நாள் தள்ளிப் போட்டுக்கோ. அப்ப மழைக்காலம், மேகத்துல யாருக்கும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது. வேலை நிரந்தரம்."

அந்தப் பெண் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். "நான் தள்ளிப் போடலாம் சார். வெளிச்சம் கேக்காதே."

ஆகவே தீர்மானம் நிறைவேறியது. நட்சத்திரம் வெடிக்கவில்லை, வளையம் தொலைநோக்கிக் கண்ணாடியின் கோளாறு. மாதக் கடைசியில் அவர் மேசையைக் காலி செய்துவிட்டு, படத்தை மட்டும் என் மேசைமேல் வைத்துப் போனார்.

வளையம் மாதாமாதம் பெரிதாகிறது. இப்போது மற்ற நிலையங்களும் பார்த்துவிட்டு, எங்கள் பதிவேட்டின் நகலைக் கேட்கின்றன. அனுப்பிவிட்டேன், நாற்பது இரவும் ஒரே மையில், என் கையெழுத்தோடு.

அந்த நட்சத்திரம் செத்த பிறகும் இரண்டு முறை வந்து உண்மையைச் சொன்னது. முதல் முறை நாங்கள் யாரும் ஊரில் இல்லை. இரண்டாம் முறை எல்லோரும் இருந்தோம்.