பஞ்சண்ணை அனுப்பிய புயல்கள்

உலகத்துப் புயல்களையெல்லாம் மெல்ல வரச்சொல்லி அனுப்பிய ஒரே மனிதர் எங்கள் பஞ்சண்ணைதான்.

யாழ்ப்பாணத்தில் ஓர் இரும்புக்கடையின் மேல்மாடியில் எங்கள் கந்தோர். எனக்குத் தேத்தண்ணி போடுகிற வேலை. மற்றவர்களுக்கு, புயல், பெருமழை எச்சரிக்கைகளை நாடுநாடாகத் திரட்டி, கைபேசிச் செயலி எழுதுகிறவர்களுக்குக் கணினி வழியாக அனுப்புகிற வேலை. ஒவ்வொன்றையும் பார்த்து அனுப்பிவிடுகிறவர் பஞ்சண்ணை. காங்கேசன்துறையில் கடலுக்குப் போகிற தம்பி எனக்கு இருந்தபடியால், நானும் தேத்தண்ணியோடு அவர் பின்னால் நின்று திரையைப் பார்ப்பேன். தூரதேசத்து மேகங்கள் பாலில் விழுந்த மை போலச் சுழலும்.

எங்கள் ஊரில் சாவுச் செய்தியை யாரும் நேரே சொல்வதில்லை. முதலில் கொஞ்சம் சுகமில்லை, பிறகு ஆசுப்பத்திரி, பிறகுதான் மற்றது. பஞ்சண்ணை புயலையும் அப்படித்தான் பஞ்சில் பொதிந்து அனுப்புவார். சிவப்பு எச்சரிக்கை வந்தால் முதலில் மஞ்சள். யன்னலால் வானத்தைப் பார்த்துக் கனவு கண்டுவிட்டுச் செம்மஞ்சள். பிறகுதான் சிவப்பு.

மனேச்சராய் இருந்த பிள்ளை தலையில் கைவைத்தாள். "அண்ணை, சிவப்பெண்டால் சிவப்புத்தானே!"

"திடீரெண்டு சொன்னால் செயலி எழுதிற பெடியளுக்கு நெஞ்சு நிண்டுபோம், தங்கச்சி."

"நாங்கள் அனுப்பிறது நெஞ்சுக்கில்லை, புரோகிராமுக்கு!"

"அதை எழுதினதும் ஆரோ பெத்த பிள்ளைதானே."

ஒருமுறை ஏதோ ஒரு நாட்டில் செம்மஞ்சள் போய்ச் சேருமுன்பே புயல் கரைந்துவிட்டது. "பாத்தீரே, வீணாய்ச் சனத்தை அந்தரப்படுத்தப் பாத்தினம்," என்றார் என்னிடம், ஏதோ தானே அதைச் சமாதானப்படுத்தி அனுப்பியதுபோல.

ஒருநாள் பின்னேரம் கதிரையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"தம்பி, சாப்பிட்டீரோ?"

"ஓம் அண்ணை."

"தேத்தண்ணி குடிச்சீரோ?"

தேத்தண்ணி போடுகிறவனிடம் கேட்கிற கேள்வியா அது! தம்பி விடியவே கடலுக்குப் போயிருந்தான்.

"கொஞ்சம் இரும்..."

"அண்ணை, நேரை சொல்லுங்கோ!" அந்தக் கந்தோரில் நான் சத்தம்போட்டது அன்றைக்குத்தான்.

"உங்கடை பக்கக் கடல். சிவப்பு. அப்பவே அனுப்பிப்போட்டன்."

"மஞ்சளோ?"

"மஞ்சளுமில்லை, ஒண்டுமில்லை. நேரை சிவப்பு."

பஞ்சு முழுவதையும் எனக்கென்று வைத்திருந்திருக்கிறார்.

பொழுதுபட முன்னர் தம்பி கரையிலிருந்து போன் எடுத்தான். "அண்ணை, போன் கத்தின கத்திலை வலையையும் விட்டிட்டு ஓடிவந்தம். ஆர் அந்த விசரன்? ஒரு சொல்லு ஆறுதலாய்ச் சொல்லத் தெரியாதே?"

பக்கத்தில் நின்ற பஞ்சண்ணைக்கும் அது கேட்டது. முகம் வாடிவிட்டது. "பாவம், பயந்துபோனான். நான் மன்னிப்புக் கேட்டனெண்டு சொல்லும்."

அவருடைய தேத்தண்ணிக்கு ஒரு கரண்டி சீனி கூடப் போட்டேன். அவர் வேலையை விட்டுப் போகும்வரை அந்தக் கரண்டியை நான் குறைக்கவேயில்லை.