எழுபத்தொண்ணு பதினாலு பெரியப்பாவுக்கு, பல்பு விஷயமாக

மதிப்பிற்குரிய எழுபத்தொண்ணு பதினாலு பெரியப்பா அவர்களுக்கு,

முப்பத்தெட்டு ஜீரோ ஆறின் ஒரே மகன் பணிவோடு எழுதுவது. இங்கு அனைவரும் நலம். தங்கள் நலத்தை விசாரிப்பதுதான் முறை. ஆனால் போன வாரம் மூன்று நாள் தங்கள் நலத்தைத்தான் விசாரித்தோம், அது வேறொருத்தர் நலமாகப் போய்விட்டது. எனவே முறையைக் கொஞ்சம் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

உங்களை ஒரு பைக் இடிச்சுட்டுது, ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டிருக்காங்கன்னு லாரிப் பட்டறைக்காரர் போன் பண்ணினார். ஏழு வருஷமா உங்க பேச்சை எடுத்தாலே கியர் மாத்திடற அப்பா, பாதிச் சாப்பாட்டுல தட்டுலயே கை கழுவிட்டுக் கிளம்பிட்டார். வரவேற்பில இருந்த அக்கா நோயாளி பேரைக் கேட்டாங்க. அப்பா "எழுபத்தொண்ணு பதினாலு"ன்னார். பேர் சொல்லுங்க சார்னாங்க. அப்பா என்னைப் பார்த்தார், நான் கூரையைப் பார்த்தேன். இருபது வருஷம் நீங்க ரெண்டு பேரும் முன்னும் பின்னுமா லாரி ஓட்டியிருக்கீங்க, ஒரே ஸ்டவ்வுல சமைச்சிருக்கீங்க, வண்டி நம்பரைத் தவிர உங்களுக்கு இன்னொரு பேர் இருக்குன்னு அவருக்குத் தோணவே இல்லை. பட்டறைக்காரரைக் கேட்டா அவருக்கும் நம்பர்தான் தெரியுது. சரி, அடையாளமாவது சொல்லுங்கன்னாங்க அந்த அக்கா. "பச்சை. முன்கண்ணாடியில ஒரு கீறல். ரெண்டாவது கியர் இறுக்கம். ஏத்தம் வந்தா புகை விடும்"னார். அவங்க எங்களை நுரையீரல் டாக்டர்கிட்ட அனுப்பப் பார்த்தாங்க.

கடைசியில விபத்து வார்டுல, உங்க உடம்பு வாகுல ஒருத்தர் உச்சந்தலையிலிருந்து தாடை வரைக்கும் கட்டோட படுத்திருந்தார். கண்ணு மட்டும்தான் தெரிஞ்சுது. அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தார். திருப்பிப் பேச முடியாத ஆள் கிடைச்சா அப்பாவை யார் நிறுத்தறது? பாதிக் கண்ணுல ஓட்டியே வண்டியில ஒரு கோடு விழாம ஓய்வு பெற்ற தூங்குமூஞ்சி டிரைவரைப் பத்திச் சொன்னார். தன்னோட வண்டிக்கு இடது கதவு உள்ளேயிருந்து திறக்காது, கயிறு கட்டி வெச்சிருந்ததை நீங்கதான் ஒவ்வொரு தடவையும் வந்து அவிழ்ப்பீங்கன்னார். அப்புறம் குரலை இறக்கி, மலை இறக்கத்துல தனக்கு பிரேக் விட்டுப்போன கதையைச் சொன்னார். முன்னால போன நீங்க தப்பிச்சு ஓடாம, வேகத்தைக் குறைச்சு, உங்க பின்பலகையில அவர் வண்டியை முட்ட விட்டு, தாங்கித் தாங்கி நிறுத்தினீங்களாமே. இதை வீட்டுல அம்மாவுக்குக்கூட அவர் சொன்னதில்லை பெரியப்பா. நான் அன்னைக்குக் கேலி எதுவும் பண்ணலை.

மூணாவது நாள் பாலத்துக் கதைக்கு வந்தார். நீங்க அவரை விட்டுட்டு ஏசி வண்டி ஓட்டக் கம்பெனிக்குப் போன புதுசு. பாலத்துல எதிரெதிரா வந்தப்போ நீங்க லைட்டை ரெண்டு தடவை அடிச்சீங்க, அப்பா பதிலுக்கு அடிக்காமப் போயிட்டார். தெரிஞ்ச வண்டிக்கு லைட் அடிக்கலைன்னா நீ எனக்கு யாரும் இல்லைன்னு அர்த்தமாம். அன்னைக்குப் பேச்சை விட்டவங்கதான் ரெண்டு பேரும். அப்பா அந்தக் கட்டுக்குள்ள இருந்த கண்ணைப் பார்த்துச் சொன்னார்: "கோபமெல்லாம் இல்லண்ணே. பல்பு ஃபியூஸு." கட்டுக்காரர் கண்ணு கலங்கிடுச்சு.

அப்போதான், ராத்திரி மட்டும் துணைக்கு வர்ற அவர் மனைவி அன்னைக்குச் சீக்கிரமே வந்து, யார் நீங்கன்னு கேட்டாங்க. அவர் தையல்காரராம். ஏணியிலிருந்து விழுந்தவராம். அப்பா எழுந்துட்டார், ஆனா தையல்காரர் கையை விடலை. இவர் இல்லாத நேரமெல்லாம் வாசலையே பார்த்துக்கிட்டிருக்கார்னு அந்த அம்மா சொன்னதும் மறுபடி உட்கார்ந்துட்டார். வார்டு வார்டாத் தேடியும் நீங்க கிடைக்கலை, ஆனா அதிலிருந்து தையல்காரர்கிட்ட தினமும் ஒரு நடை.

நேத்து நீங்க மணிக்கட்டுல ஒரு சின்னக் கட்டோட பட்டறைக்கு வந்து டீ குடிச்சுட்டுப் போனதா இப்போதான் தகவல். அதனால இதைப் பட்டறையில குடுத்து வெக்கறேன். உறைமேல நம்பர்தான் போட்டிருக்கேன், மன்னிக்கணும். "பல்பு விஷயத்தை மட்டும் எழுது, வேற ஒண்ணும் வேண்டாம்"னு அப்பா உத்தரவு. மேலே இருக்கறதெல்லாம் அந்த வேற ஒண்ணும்.

பெரியம்மாவுக்கு என் வணக்கம். தங்கள் மணிக்கட்டு ஸ்டியரிங் பிடிக்கும் அளவுக்கு விரைவில் தேற வேண்டுகிறேன்.

தங்கள் கீழ்ப்படிந்த,
ஸ்டெப்னி (நீங்க வெச்ச பேர்தான்)

பி.கு.: உறையை ஒட்டறதுக்கு முன்னால ஆஸ்பத்திரிக்குப் போனோம். தையல்காரருக்கு இன்னைக்குத் தாடைக் கட்டைப் பிரிச்சாங்க. அவர் வாயைத் திறந்து முதன்முதலா அப்பாகிட்டக் கேட்டது இதுதான்: "ஒரே நேரத்துல ரெண்டு லைட்டுமா ஃபியூஸாகும்?"

அப்பா கட்டில் கம்பியைத் தடவினார். அப்புறம் என்னைப் பார்த்து, "ரெண்டும் நல்லாத்தான் எரிஞ்சுது. நான்தான் போடலை. அதையும் எழுதிடு"ன்னார். பல்பு பத்தி எழுதினதை அடிச்சுடவான்னு கேட்டேன். வேண்டாம், ரெண்டையும் அவர் படிக்கட்டும்னார்.

வீட்டுக்கு வந்ததும் வாசல்ல இருக்கற ரெண்டு விளக்கையும் போட்டுட்டு உட்கார்ந்திருக்கார். நல்ல வெயில். அம்மா போய் அணைக்கறாங்க, இவர் எழுந்து போய்ப் போடறார், அவங்க மறுபடி அணைக்கறாங்க, இவர் மறுபடி போடறார். தெருவிலிருந்து பார்த்தா யாருக்கோ லைட் அடிக்கற மாதிரியே இருக்கு. வந்துடுங்க பெரியப்பா. வரும்போது உங்க பேரையும் கொண்டு வாங்க.